கொம்பெழுத்து

நாரணாபுரம் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எழிலுக்கு வாசிக்க வரவில்லை என்று மாதச் சோதனையில் தெரிந்தது. ஆசிரியை கற்பகவல்லி அதைப் பள்ளி வாசலில் வைத்தே அவள் அப்பன் முனியராஜிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் எழில் கிழிந்த உதட்டோடு வந்தாள். முதுகில் பெல்ட் தடம் வரிவரியாகக் கன்றியிருந்தது.

கற்பகவல்லி உடனே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். ஆட்கள் வந்து முனியராஜை எச்சரித்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான்.

அன்று மதியம் எழிலைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோதனையை மறுபடி நடத்தினாள். மதிப்பெண் போட அல்ல, எங்கே தட்டுகிறது என்று பார்க்க. படம், மரம், கிளி எல்லாம் சரளமாக வந்தன. 'கொடி' வந்ததும் எழில் திணறினாள். முன்னால் நிற்கும் கொம்பை முதலில் சொல்லப் பார்த்தாள். அதற்குத் தனியாக ஒலி இல்லாததால் வாயடைத்துப் போனாள். பெட்டி, தேள், இரண்டிலும் அதே கதைதான். எழுத்தெல்லாம் தெரிந்த பிள்ளைக்கு இத்தனை நாளும் அ, ஆ என்று முதலிலிருந்து நடத்திக்கொண்டிருந்தாள் கற்பகவல்லி.

அடுத்த நாளே எழிலை, அதே இடத்தில் தடுமாறும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவைத்துக் கொம்பெழுத்தை மட்டும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

அது முனியராஜ் காதுக்கு வேறு மாதிரி போனது. பட்டாசுக் கம்பெனியிலிருந்து மருந்து அப்பிய கையோடு வகுப்புக்குள் நுழைந்தான்.

"ஒண்ணாங்கிளாஸ்லயா ஒக்காந்திருக்க, நாயே?" வாசித்துக்கொண்டிருந்த எழிலின் முடியைப் பின்னாலிருந்து பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினான். "ஒங்கம்மா வெடியில கருகிச் செத்தா. நீயும் அங்கனதான் போய்ச் சாகணுமா?"

கற்பகவல்லி குறுக்கே பாய்ந்தாள். அவன் மர ஸ்டூலை எடுத்து வீசினான். நெற்றி பிளந்து ரத்தம் அவள் கண்ணை மறைத்தது. கண் தெரியாமலே அவன் முன்கையைக் கடித்துத் தொங்கினாள். மருந்தின் கசப்பும் ரத்தமும் வாயில் கலந்தன. அவன் அவள் விலாவில் குத்தினான், குத்திக்கொண்டே இருந்தான். பிள்ளைகள் அலறினார்கள். சத்துணவு சமைக்கும் குருவம்மாள் ஓடிவந்து இரும்புக் கரண்டியால் அவன் முழங்காலில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அப்புறந்தான் அவன் சாய்ந்தான்.

போலீஸ் ஏற்றும்போது முனியராஜ் அழுதான். "டீச்சர், நீங்கதான சொன்னீக, அவளுக்கு ஒண்ணும் வரலைன்னு?"

"சொன்னேன். என்ன வரும், அடுத்து என்ன சொல்லிக்கொடுக்கப் போறேன்னு சொல்லலை. அது என் தப்பு. அவளை அடிச்சது நீ."

பெரியம்மா சுப்புத்தாய் வந்து எழிலை மல்லாங்கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கற்பகவல்லி நெற்றித் தையலோடு அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியைக்குப் போன் போட்டாள்.

"பிள்ளை வந்ததும் சோதனை வைப்பீக. முழிப்பா. அதுக்காக அ, ஆன்னு ஆரம்பிச்சிராதீக. கெ, கே முடிச்சிட்டா. கொ-வுல இருந்து நடத்துங்க."

"சரி டீச்சர். வேற எதும் உண்டா?"

கற்பகவல்லி கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"வாசிக்கச் சொல்லும்போது அவளுக்குப் பின்னாடி நிக்காதீக."