விழித்துக்கொண்ட காவல்

மழை ஓய்ந்தும் வெயில் பிறவாத பருவம் அது. மூடிய இமையெனக் கனத்த வானம், காலத்தின் நடையையே நிறுத்தி வைத்திருந்தது. தனிமை அறையின் திறவாத ஜன்னலருகே ஆராய்ச்சிக்காரி மூன்றாம் நாளாக அமர்ந்திருந்தாள். வைரஸ் ஏற்றிய ஆய்வகத் தட்டின் உடைந்த விளிம்பு, கையுறையைக் கிழித்து அவள் விரலைக் கீறியிருந்தது. ரத்தத்தில் வைரஸ் இருப்பதும் அன்று காலை உறுதியாகிவிட்டது.

"காய்ச்சல்தான் இல்லையே, ஏன்க்கா மூஞ்சியத் தொங்கப்போட்டிருக்கே?" என்றாள், கண்ணாடிக்கு அப்பால் நின்ற தங்கை.

"இல்லைங்கறதுதான்டி பயமே."

அவள் ஆராய்ந்தது ஒரு புரதத்தை. செல்லுக்குள் புகுந்த வைரஸின் மரபணு இழையை அது பற்றிப்பிடித்து, உடலின் காவலிடம் காட்டிக்கொடுக்கும். அபாயச் செய்தி பரவும், காய்ச்சல் எழும். அப்புரதத்தை நீக்கிய செல்கள் வளர்ந்த தட்டுகளில் மட்டும் ஒரு சலனமும் இல்லை. மூன்றாம் நாள் செல்கள் யாவும் மடிந்து கிடந்தன. தன் உடலும் அப்படியோர் ஊமைத் தட்டோ என்ற எண்ணம், நான்கு சுவர்களைவிட அவளை இறுக்கியது. அதைத் தங்கையிடம் சொன்னாள்.

"காய்ச்சல் வரணும்னு சாமிய வேண்டிக்கிற ஒரே ஆள் நீதான். வேற வேண்டுதலே கெடைக்கலையா?"

மாலையில் அவள் பற்கள் தந்தியடித்தன. வெப்பமானி நூற்றிரண்டு காட்டியது. தங்கை உடைந்து அழுதாள்.

"அழாதடி, லூசு! காவல் முழிச்சிருச்சு."

போர் இனிமேல்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆயினும் கண்மூடிக் கைகுவித்து, தனக்குள் உறங்காதிருந்த அச்சிறு புரதத் துணையை வணங்கினாள்.

வயதில் இளையவள் கண்ணாடியில் உள்ளங்கை பதித்து வாழ்த்தினாள்: "நூறு வருஷம் நல்லா இருப்பேக்கா."