கூனி இல்லாத கரை

மே மாதம் பிறந்துவிட்டால் வடகடலில் இருக்கும் அந்தச் சின்னத் தீவில் யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். நாயை அக்கரையில் விட்டுவிடுவார்கள். சிவப்புத் துணியைக் கொடியில் போட மாட்டார்கள். ஈடர் என்னும் கடல்வாத்துகள் அடைகாக்கும் காலம் அது. அதட்டல் கேட்டால் போதும், எழுந்த வேகத்தில் முட்டைமேலேயே எச்சமிட்டுவிட்டுப் பறந்துவிடும். பாதி திரும்பி வராது. மார்பிலிருந்து பிடுங்கி அது கூட்டில் பரப்பும் மெல்லிறகுத் தூவியை விற்றுத்தான் ஸல்வோர் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதனால் அவளும் புருஷன் பெர்குரும் கல்யாணமான நாளிலிருந்து வசந்தகாலச் சண்டைகளையெல்லாம் கிசுகிசுத்தே போட்டுத் தீர்த்தவர்கள்.

இந்த வருஷச் சண்டை அப்படித் தீரவில்லை.

முட்டைகள் நன்றாகத்தான் பொரிந்துவந்தன. தாய் குஞ்சுகளைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தாய் மட்டும் தனியாக மிதக்கும். போன வருஷமும் இப்படித்தான், அதற்கு முந்தின வருஷமும் இப்படித்தான். இங்கே பிறந்த குஞ்சுதான் வளர்ந்து இங்கேயே வந்து கூடு கட்ட வேண்டும். இப்போது வருவதெல்லாம் கிழடுகள். அவையும் போய்விட்டால் தீவில் காற்றுதான் மிச்சம். எல்லாம் கருமுதுகுக் கடல்காகத்தின் வேலை என்று பெர்குர் பக்கத்துத் திட்டுக்குப் போய் அதன் முட்டைகளை உடைத்துவிட்டு வந்தான். அப்படியும் குஞ்சுகள் செத்தன.

அன்று காலை பெர்குர் காய்ந்த மீனில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். ஸல்வோர் ஒரு செத்த குஞ்சைக் கொண்டுவந்து அவன் காப்பிக் கோப்பை பக்கத்தில் வைத்தாள்.

"திங்கற மேஜையில எதைக் கொண்டாந்து வைக்கறே?"

"மேல ஒரு கீறல் இருக்கா பாரு. உன் கடல்காகம் கொத்தினதா இது?" மீன் கத்தியால் இரைப்பையைப் பிளந்து காட்டினாள். "ஒரு கூனி இறால் கூட இல்ல. பட்டினி, பெர்குர்."

"கடல்ல போய் யாராவது பட்டினி கிடப்பாங்களா?"

அவள் அவன் கையைப் பிடித்துத் தெற்குக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடற்பாசியை வெட்டி எடுத்த பாறையெல்லாம் மழித்த தலைபோல இருந்தது. பிறகு வடக்கு மூலைக்குக் கூட்டிப்போனாள். அங்கே பாறை நெருக்கம், பாசி வெட்டும் யந்திரம் நுழையாத இடம். பழுப்புப் பாசி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. ஒரு கொத்தைத் தூக்கினாள்; அடியிலிருந்து கூனிகள் பொரி பொரிவதுபோலத் துள்ளின. தாய் வாத்து ஆழத்தில் முங்கி மட்டி தின்னும், ஊட்டாது. பஞ்சுபோன்ற குஞ்சுக்கு ஆழமாக முங்க வராது. பாசியில் ஊரும் கூனியைத்தான் கொத்தித் தின்ன வேண்டும். கடல்காகம் வந்தால் ஒளிந்துகொள்ளவும் அந்தப் பாசிதான். தீவில் வாத்து போடும் எச்சம் மழையில் கரைந்து இறங்கி அந்தப் பாசிக்கே உரமாகும். இத்தனை காலம் பாசியைப் பார்த்திருக்கிறாள், இதையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்ததில்லை.

பெர்குருக்கு முகம் செத்துவிட்டது. மூன்று வசந்தத்துக்கு முன்னால் பாசி வெட்டுகிறவர்கள் வந்து கேட்டபோது, நாறுகிற களைதானே, அள்ளிக்கொண்டு போங்கள் என்று வாக்குக் கொடுத்தவன் அவன். காப்பி ஊற்றிக் கொடுத்தவள் அவள். அவன் போட்ட ஒரே நிபந்தனை, குஞ்சு பொரிந்து வாத்து கடலில் இறங்குகிறவரை வரக்கூடாது என்பது. அவர்கள் அப்படியே நடந்துகொண்டார்கள். குஞ்சு பசியோடு கடலில் இறங்குகிற வாரமாகப் பார்த்து வந்தார்கள்.

"கூட்டை மட்டும் காவல் காத்தோம்," என்றான்.

யந்திரம் கடலில் மிதந்தபடி முனையைச் சுற்றிக்கொண்டு வந்தது அப்போதுதான். இந்த வருஷம் சின்ன யந்திரம், பாறை இடுக்கிலும் நுழையக்கூடியது. படகு இரைச்சல் வாத்துகளுக்குப் பழகிப்போனது; மனுஷக் குரல்தான் ஆகாது. பாசி வெட்டுகிறவர்களின் ஆள் ஒட்டார் மேலே நின்று ஓட்டிக்கொண்டிருந்தான். பெர்குர் போன் அடித்தான். காதை மூடிக்கொண்டு வேலை பார்க்கிற ஒட்டாருக்குக் கேட்கவில்லை. இவர்கள் படகு தீவின் மறுபக்கத்தில் கிடந்தது. ஸல்வோர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையை ஆட்டினாள். ஒட்டாரின் கண் பாசிமேலேயே இருந்தது.

"கத்து," என்றாள். "வாக்குக் கொடுத்தவன் நீ. நீயே கத்து."

"மேல கடைசி வாத்துங்க இன்னும் அடையில இருக்குது, ஸல்வோர். கத்தினா எழுந்துடும்."

"எழட்டும். பொரிச்சா குஞ்சு எதைத் திங்கும்?"

பெர்குர் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தபோது வந்த குரல் அவளுக்கே தெரியாத குரல், மாடு அலறுவதுபோல. முதுகுக்குப் பின்னால் சரிவு முழுக்க இறக்கை அடித்து எழும்பியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வாத்துகள் எழும்பியதைக் கண்டு ஒட்டார் காது மூடியைக் கழற்றி யந்திரத்தை நிறுத்தினான். கிட்டே வந்து, பாவம், கிசுகிசுத்தான்: "என்ன பெர்குர், கிறுக்கா உனக்கு? அடை நேரத்துல இப்படிக் கத்தலாமா?"

"பாசியைத் தொடாதே."

"நீதானே சரின்னு சொன்னே?"

"சொன்னேன். இப்ப வேண்டாங்கறேன்."

நான் முதலாளி இல்லை, இன்றைக்குப் போகிறேன், முதலாளி வெட்டச் சொன்னால் நாளைக்குக் கடல் ஏறும்போது வந்துதான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒட்டார் யந்திரத்தைத் திருப்பினான்.

இருவரும் சரிவில் ஏறினார்கள். தூவியெல்லாம் பச்சை எச்சம். ஸல்வோர் கூடு கூடாகக் குனிந்து, நாறும் தூவியை இழுத்து முட்டைகளை மூடினாள். முட்டையில் சூடு இருந்தது. சில வாத்துகள் தூரத்தில் மிதந்தன, கரைக்கு வரவில்லை. கீழே வடக்கு மூலையில் ஒரு தாய் தன் குஞ்சுகளைப் பாசிக்குள் நுழைத்தது. அவை தலையைக் கவிழ்த்துக் கொத்த ஆரம்பித்தன.

"நாளைக்கு அவன் திரும்பி வந்தா?" பெர்குர் கிசுகிசுத்தான்.

"கத்து. எழுந்து போறதுக்கு இனி இங்க எது இருக்கு?"

அதை அவள் வாய்விட்டே சொன்னாள்.