உறை மாட்டிய அலாரம்

அந்தப் புகை அலாரத்துக்கு உறை மாட்டியது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மழுப்புவதாகிவிடும்.

பிஷ்கெக் நகரத்து ஓரத்தில், எங்கள் முற்றத்துக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறேன். தீயணைப்புத் துறை ஆள் வந்து, "அலாரம் மாட்டாம யாரையும் குடிவைக்கக் கூடாதும்மா" என்று ஒற்றைக்காலில் நின்றார். திட்டிக்கொண்டே மாட்டினேன். அடுத்த வாரம் பெகிமாய் குடிவந்தாள். கணவன் ரஷ்யாவில். கையில் பத்து நாள் ஆண்பிள்ளை.

பிள்ளைக்குக் கண்ணேறு படக்கூடாதென்று தினமும் காலையில் அர்ச்சா என்னும் மலைமரத்தின் காய்ந்த தழையைக் கொளுத்திப் புகை காட்டுவாள். எங்களில் யார்தான் காட்டுவதில்லை? ஆனால் தழை புகைந்த மறுகணம் அலாரம் ஊரைக் கூட்டும். பிள்ளை வீறிட்டு அழும். நான்காம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அலாரம் அது பாட்டுக்கு இருக்கட்டும்க்கா. நான் முற்றத்துல வச்சுக் காட்டிக்கிறேன்," என்றாள் பெகிமாய்.

"இந்தப் பனியில பச்சப்புள்ளைய வெளிய தூக்கிட்டுப் போவியா? புத்தி இருக்காடி உனக்கு? இத மூடி வைக்கிறேன். புள்ளைக்கு நாப்பது நாள் கழியட்டும், நானே மூடிய கழட்டி விடுறேன்."

முக்காலியில் ஏறி, ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையை அலாரத்தின் மேல் இழுத்து மாட்டி ரப்பர் பேண்ட் போட்டேன். அப்பாடா என்றிருந்தது.

சனிக்கிழமை மதியம் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அர்ச்சா வாசனை வந்தது. 'இன்னைக்கு ரெண்டாந்தடவையா? நல்லா பயந்துதான் கெடக்குறா' என்று சிரித்துக்கொண்டே பிசைந்தேன். எவ்வளவு நேரம் அப்படியே பிசைந்தேனோ. வாசனை மாறியது. கம்பளி கருகும் நாற்றம்.

மாவுக் கையோடு ஓடினேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"பெகிமாய்! கதவத் தொறடி!"

பதில் இல்லை. பிள்ளையின் அழுகையாவது கேட்காதா என்று கதவில் காதை வைத்தேன். அதுவும் இல்லை. கரி அள்ளும் மண்வெட்டியால் ஜன்னலை உடைத்து உள்ளே இறங்கினேன். அர்ச்சா புகைத்த தட்டிலிருந்து தெறித்த கங்கு கம்பளி விரிப்பில் விழுந்து கனன்றுகொண்டிருந்தது. பால் கொடுத்தபடியே பெகிமாய் அசந்து தூங்கியிருக்கிறாள். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு, அவளைத் தலைமுடியைப் பிடித்து உலுக்கினேன். இருமிக்கொண்டே எழுந்தாள். தாழைத் திறந்து அவளை வெளியே இழுத்து வந்தேன்.

பிள்ளையின் உதடு நீலமாக இருந்தது. பாதத்தில் அறைந்தேன். "அழுடா... என் ராசா, அழுடா!" நான்தான் அழுதேன். மூன்றாவது அடிக்கு ஒரு விக்கல். பிறகு மெலிந்த ஓர் அழுகை. பெகிமாய் அவனை என்னிடமிருந்து பறித்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸில் வந்த டாக்டரம்மா நெஞ்சில் கருவி வைத்துப் பார்த்தாள். "பொழச்சுக்குவான். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா சொல்ல முடியாது. உள்ள அலாரம் இல்லையா?"

பெகிமாய் என்னைப் பார்த்தாள்.

"இருந்துச்சு. நான்தான் அடைச்சு வச்சேன்," என்றேன்.

வண்டியின் படி உயரமாக இருந்தது. நான் கை நீட்டினேன். "புள்ளைய இப்படிக் குடுத்துட்டு ஏறுடி."

"வேணாங்க," என்றாள்.

வந்த நாளிலிருந்து அக்கா, அக்கா என்று வாய் ஓயாமல் கூப்பிட்டவள். பிள்ளையை ஒரு கையால் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, மறு கையால் கம்பியைப் பிடித்துத் தானே ஏறிப் போனாள்.