பளிங்குக் காது

தன் கண்விழி உருளும் சத்தம் தனக்கே கேட்கிறது என்று சொன்னால் எந்தக் கம்பெனி ஒருவனைக் கிரேனில் ஏற்றும்? கிரேன்காரன் அதைப் பற்றி வேலையிடத்தில் மூச்சுவிடவில்லை. இடது காதுக்குள் எண்ணெய் காணாத கதவு போல விழி கிறீச்சிட்டது. யாராவது உரக்கப் பேசினால் தரை ஒருபக்கமாகச் சாய்ந்தது. மனைவிதான் விடாப்பிடியாகக் காது டாக்டரிடம் இழுத்து வந்தாள்.

டாக்டரின் பட்டங்கள் பெயர்ப்பலகையில் அடங்காமல் சுவருக்கு இறங்கியிருந்தன. அவர் விசாரிப்பதில்லை, தீர்ப்புதான். தலைசுற்றல் என்றதுமே மூளைக்கு ஸ்கேன் எழுதிவிட்டார். சுற்றுவது தலை, அப்புறம் என்ன!

படம் பார்த்த ஸ்கேன் டாக்டரம்மா இருவரையும் உள்ளே கூப்பிட்டாள்.

"மூளை நல்லாருக்கு. ஆனா உள்காதுக்கு மேல எலும்புல சின்ன ஓட்டை விழுந்தாலும் இப்படித்தான் பண்ணும். இந்தப் படம் துண்டு துண்டா எடுத்தது, ஒவ்வொரு துண்டும் கனம், ஓட்டை நடுவுல ஒளிஞ்சுக்கும். காது எலும்பை மட்டும் மெல்லிசுத் துண்டுகளாப் படம் எடுக்கணும். உங்க காது டாக்டர் எழுதித் தரட்டும், நானும் அவர்கிட்ட பேசறேன்."

பேசினாள். அதுதான் வினையாகப் போயிற்று.

"எனக்கே பாடம் எடுக்கறாங்களா?" டாக்டர் படத்தை விளக்கில் தூக்கிப் பிடித்து, பிடித்த வேகத்திலேயே இறக்கினார். "பளிங்கு மாதிரி இருக்குய்யா காது. எல்லாம் மனப்பிரமை."

"அது மூளைப் படங்க," என்றாள் மனைவி.

"காது என்னம்மா, முழங்கால்லயா இருக்கு?"

கிரேன்காரன் சிரித்துவிட்டான். பளிங்கு என்ற சொல் அவனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

வாசலில் அவள் கையைப் பிடித்தாள். "ஏங்க, வேற டாக்டரைப் பாத்து அந்தப் படத்தை எடுத்துட்டு ஏறுங்களேன்."

"நல்லாருக்குன்னு சொன்னதை எதுக்குடி நோண்டணும்? பெரிய டாக்டரு."

"ஏறப்போறது அவரா?"

அவன் பஸ்ஸைப் பிடிக்க நடந்தான்.

மறுநாள் கான்கிரீட் பலகை ஒன்று அவன் கொக்கியில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கீழே அதன் நிழல் ஊர்ந்தது. வெயில் தாளாத இரண்டு பேர் அந்த நிழல் கிடைத்ததே போதுமென்று சாப்பாட்டைப் பிரித்து உட்கார்ந்தார்கள். மேஸ்திரி அதைப் பார்த்துப் பதறி வாக்கிடாக்கியில் அலறினார்:

"நிறுத்துய்யா! கீழ ஆளு!"

அலறல் நேராக அந்தப் பளிங்குக் காதில் இறங்கியது. வானம் சாய்ந்தது, கட்டடங்கள் அதன் பின்னால் சரிந்தன. அவற்றை நிமிர்த்தத்தான் அவன் கொக்கியை இறக்கும் கைப்பிடியைத் தள்ளினான்.