இரண்டு பெட்டியிலும் இல்லாத ஒன்று

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு பயண இதழின் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, "முதல் தடவை சொகுசுக் கப்பல்ல போறவங்க என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு ஒரு கட்டுரை வேணும் சார். ரெண்டு பக்கம் போதும், சிரிப்பா இருக்கட்டும்" என்றார். சரி என்றேன். நீங்கள் கப்பலில் போயிருக்கிறீர்களா என்று அவர் கேட்கவில்லை, இல்லை என்று நானும் சொல்லவில்லை. போகத்தான் போகிறோமே என்ற தைரியம். எனக்கும் மனைவிக்கும் நான்கு நாள் பயணத்துக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன்.

அப்புறம் மனைவி உண்டானாள். ஆறாவது மாதம் நெருங்கிவிட்டால் கர்ப்பிணிகளைக் கப்பலில் ஏற்றமாட்டார்களாம். பணம் திரும்ப வராது, வேண்டுமானால் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். மாற்றினோம். யார் பெயருக்கு மாற்றினோம் என்பதில்தான் கட்டுரை கைநழுவிப்போய்க் கதையாகிவிட்டது.

2

எழுதி விட்டுவிட்ட தொடக்கங்கள்:

"கப்பல் என்பது மிதக்கும் ஒரு—" (எல்லோரும் நகரம் என்றுதான் முடிக்கிறார்கள். நான் முடிக்கவில்லை.)

"கடலுக்குப் போகிறவன் முதலில் கரையில் விட்டுவிட வேண்டியது தன்—" (தத்துவம். ஆசிரியர் கேட்டது சிரிப்பு.)

"என் அம்மாவும் என் மாமியாரும் ஒரே அறையில் நான்கு நாள்."

இதை அடித்து முடித்தபோது, என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த மனைவி சத்தமாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு யோசனையில் ஆழ்ந்தாள். ஆகவே இதுதான் தொடக்கம்.

3

அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். அம்மா பக்கத்து இருக்கையில், தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குடும்பத்தையும் அப்படித்தான் நடத்தினார். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், நிறுத்துவது அவர். அத்தை, அதாவது என் மாமியார், மருந்துக்கடை வைத்திருக்கிறார். டாக்டரின் கையெழுத்தை டாக்டரைவிட நன்றாகப் படிப்பவர்.

(என் அப்பாவும் மாமனாரும் இந்தக் கதையில் எங்கே என்று கேட்காதீர்கள். டிக்கெட் இரண்டுதான்.)

அம்மாவுக்கும் அத்தைக்கும் சண்டை கிடையாது. இருந்தால் சமாதானம் செய்து வைத்திருக்கலாமே. இருப்பது மரியாதை. "வாங்க சம்பந்தி", "உக்காருங்க சம்பந்தி", "நீங்க சொன்னா சரிதான் சம்பந்தி." ஒவ்வொரு சம்பந்திக்குள்ளும் ஒரு குண்டூசி இருக்கும்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அம்மா காரில் அத்தையை ஏற்றிக்கொண்டு போனார். அத்தை கதவுக்கு மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்தபடி, "கொஞ்சம் மெதுவா போலாமே சம்பந்தி" என்றுவிட்டார். பாதி ஊருக்கு லைசென்ஸ் வாங்கிக்கொடுத்தவரிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? அப்புறம் ஒருநாள் அம்மாவுக்கு இருமல் வந்தது. சம்பந்தியின் கடை இரண்டு தெரு தள்ளித்தான். அம்மா வண்டியை எடுத்துக்கொண்டு ஊரின் அடுத்த முனைக்குப் போய் வேறொரு கடையில் மருந்து வாங்கி வந்தார். அந்த பாட்டிலை அத்தை அம்மா வீட்டு அலமாரியில் பார்த்துவிட்டார். லேபிளைத் தன் பக்கம் திருப்பிப் படித்துவிட்டு, மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். அன்றிலிருந்து மரியாதை இன்னும் கூடிப்போனது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை பிறந்ததும் இரண்டு பேருக்கும் எங்களோடு வந்து தங்க ஆசை. எங்கள் வீட்டில் உபரியாக இருப்பது ஒரே ஓர் அறை. மனைவி இருவரையும் உட்காரவைத்துப் பேசினாள்.

"கப்பல்ல நாலு நாள் ஒரே ரூம்ல ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிட்டு இருந்துட்டு வாங்க. வந்தீங்கன்னா, குழந்தை பொறந்ததும் ரெண்டு பேருக்கும் இங்கதான் இடம். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்தீங்கன்னா ஒருத்தர்தான் இங்க தங்க முடியும். யாருன்னு சீட்டு குலுக்கிப் போடுவேன்."*

"எங்களுக்குள்ள என்னம்மா இருக்கு?" என்றார் அம்மா.

"அதானே?" என்றார் அத்தை.

இருவர் முகத்திலும் பயம் தெரிந்தது. பேரக்குழந்தையைக் குளிப்பாட்டும் கை எது என்பது அந்த நான்கு நாளில் இருக்கிறது என்று இருவருக்கும் புரிந்துவிட்டது.

* "நான் இவ்ளோ கறாரா பேசல" என்கிறாள் மனைவி. பேசினாள். இதைவிடக் கறாராகப் பேசினாள். குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

4

ஆசிரியர் கேட்ட தகவல்களை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், பிறகு நேரம் இருக்காது. பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது உங்கள் அறை வாசலுக்கு வந்து சேர சாயங்காலம் ஆகலாம். மாற்றுத் துணியும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும். அறைச்சுவர் பெரும்பாலும் உலோகம் என்பதால் காந்தக் கொக்கி வாங்கிப்போனால் ஈரத் துண்டைத் தொங்கவிடலாம். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே ஏசி நடுக்கும். ஒரு சால்வை வேண்டும். இஸ்திரிப் பெட்டியும் கெட்டிலும் கூடாது, தீ பயம். வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் திருப்பித் தருவார்கள்.

எங்கள் கூடத்தில் இரண்டு பெட்டிகள் அருகருகே வாயைப் பிளந்து கிடந்தன. போகிற இடத்தில் குளியலறை ஒன்றுதான். ஆனால் பற்பசை இரண்டு, சோப்பு இரண்டு, நகவெட்டி இரண்டு, குடை இரண்டு, கெட்டில் இரண்டு, இஸ்திரிப் பெட்டியும் இரண்டு.

"எதுக்கும்மா எல்லாம் ரெண்டு ரெண்டா? ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கலாமே."

"சம்பந்திகிட்ட போயி பேஸ்ட் குடுங்கன்னு நிக்கச் சொல்றியா?" என்று அம்மா கிசுகிசுத்தார்.

அத்தையிடம் தனியாகக் கேட்டேன். "வாங்கிக்கிட்டா உங்கம்மா சொல்லிக்காட்ட மாட்டாங்க மாப்பிள்ளை. மனசுல வெச்சுப்பாங்க. அது அதவிட மோசம்" என்றார்.

இஸ்திரிப் பெட்டிகளையாவது வெளியே எடுக்கவேண்டும் என்று கறாராகச் சொன்னேன்.

"எடுத்துட்டா போச்சு. சம்பந்தி முதல்ல எடுக்கட்டும்" என்றார் அம்மா.

"பரவால்ல, நீங்க எடுங்க சம்பந்தி."

"நீங்க பெரியவங்க, நீங்க செஞ்சா நானும் செய்யறேன்."

"வயசுல நீங்கதான் பெரியவங்கன்னு நெனச்சேன்."

பேச்சு வயதுக்குப் போனதும் நான் நடுவில் புகுந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். மூன்றில் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளும் ஒரே சமயத்தில் தரையில் வந்து உட்கார்ந்தன. (இங்கே இரண்டு நாடுகளையும் ஆயுதக் குறைப்பையும் வைத்து ஓர் உவமை எழுதினேன். நீங்களே யூகித்திருப்பீர்கள் என்று அடித்துவிட்டேன்.)

5

எனக்கு அத்தையின் மேல் ஒரு சந்தேகம். ஆள்மீது இல்லை, பாத்திரத்தின்மீது. இதுவரை வந்ததில் அவர் கொஞ்சம் அதிகமாகவே நல்லவராக இருக்கிறார். காரணம் எளிது: நான் எழுத எழுத அவர் மகள் படித்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவைக் கொஞ்சம் அதிகமாகவே வம்புக்காரராக எழுதியிருக்கிறேன். அதற்கும் காரணம் எளிது: பெற்ற அம்மா எதையும் தாங்குவார். சமன்செய்வதற்காக அத்தைக்கு ஒரு கெட்ட குணம் தேடினேன். கடை வாசலில் சில்லறை இல்லாமல் வருகிறவர்களிடம் அத்தை—

"அத எழுதினா நான் இதை டிலீட் பண்ணிடுவேன்" என்கிறது தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

விட்டுவிட்டேன். நல்லவேளையாக, அடுத்த பகுதியில் நடந்தது என் தராசுக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டது.

6

கட்டுரையில் மருந்து என்று ஒரு பத்தி வேண்டும். அதற்காகத்தான் கேட்டேன், வேறு எந்த எண்ணமும் இல்லை.

கப்பல் ஆடும்போது இருவருக்கும் குமட்டும் என்பது எனக்குத் தெரியும். காலடியில் பிரேக் இருந்தால் அம்மா எந்த மலைப்பாதையிலும் அசையமாட்டார். பிரேக் இல்லாத இருக்கையில் உட்காரவைத்தால் பத்தாவது நிமிடம் ஜன்னலைத் திறக்கச் சொல்வார். கப்பலில் பிரேக் கேப்டனிடம். அத்தையோ எங்கள் மாடிக்கு லிஃப்டில் வருவதற்குள்ளேயே கண்ணை இறுக மூடிக்கொள்பவர்.

அம்மா சமையலறையில் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாந்தி மாத்திரை எடுத்துக்கிட்டியாம்மா?"

"இல்ல."

"மறந்துட்டியா?"

"மறக்கல. வேணும்னுதான் வைக்கல." துணியை மடித்து மறுபக்கத்தால் துடைத்தார். "மருந்துக்கடை வெச்சிருக்கறவங்ககூட போறேன். நான் தனியா மாத்திரை கட்டிக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்? இருமல் மருந்து விஷயத்துலயே அவங்க மனசு கஷ்டப்பட்டுப்போச்சு. எனக்குத் தெரியாதா என்ன? குமட்டிச்சுன்னா அவங்களயே கேப்பேன். கேட்டா சந்தோஷப்படுவாங்கடா. நீ போயி உளறி வைக்காத."

பேஸ்ட் கேட்க மாட்டேன் என்றவர் இவர்தான்.

அத்தை பால்கனியில் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"மருந்தெல்லாம் உங்க கைப்பையிலதானே அத்தை?"

"பிரஷர் மாத்திரை வெச்சிருக்கேன். வாந்தி மாத்திரை வைக்கல."

"கடையே உங்களுது அத்தை!"

"அதனாலதான். போற எடத்துலயும் கடைய விரிச்சிட்டாங்கன்னு ஆகிடக் கூடாதில்ல? உங்கம்மா வண்டி பழக வர்றவங்களுக்குக் குடுக்க எப்பவும் ஒரு அட்டை மாத்திரை வெச்சிருப்பாங்க. பயணம்னா அவங்களுக்குத் தெரியாததா?" ஒரு துண்டை மார்போடு அணைத்து மடித்தார். "அன்னிக்கு நான் கார்ல ஒரு வார்த்த சொல்லிட்டேன் மாப்பிள்ளை. பயத்துல வந்துச்சு, அவங்க ஓட்டறதுல கொறை இல்ல. எனக்குத் தல சுத்துது, உங்ககிட்ட மாத்திரை இருக்கா சம்பந்தின்னு நான் கேட்டா, அவங்களுக்கும் மனசு ஆறிடும். இத அவங்ககிட்ட சொல்லிடாதீங்க."

அம்மாவின் அட்டை டாஷ்போர்டில் இருக்கிறது. கார் ஷெட்டில் இருக்கிறது.

எழுதுகிறவன் இந்த இடத்தில் அடக்கமாக இருக்கவேண்டும் என்பார்கள். எனக்கு அடக்கம் வரவில்லை. சோப்பிலிருந்து குடைவரை எதற்கும் ஒருவரையொருவர் நம்பாத இரண்டு பேர், பெட்டியில் ஒரே ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறார்கள், சம்பந்தி கொடுக்கட்டும் என்று. இருவரும் விட்டது அதே இடத்தை.

7

கீழே இறங்கி ஒரு கடையில் ஓர் அட்டை மாத்திரை வாங்கினேன். (அத்தையின் கடையில் இல்லை. அம்மாவின் மகன்தானே.) கதையில் இதைச் சேர்ப்பது சுலபம். "பையின் பக்கவாட்டு ஜிப்பில் ஓர் அட்டை மாத்திரை இருந்தது" என்று ஒரு வாக்கியம் எழுதினால் இருந்துவிடும். யார் பை என்பதுதான் சிக்கல்.

முடிவு ஒன்று: அம்மாவின் பை. கடல் ஆடுகிறது. அத்தை கேட்கிறார், அம்மா கை விட்டுப் பார்க்கிறார், இருக்கிறது, கொடுக்கிறார். அத்தை மனம் குளிர்ந்துபோகிறார். ஆனால் அம்மா, காரின் கண்ணாடியை யாராவது விரலளவு நகர்த்தியிருந்தால்கூடக் கண்டுபிடிக்கிறவர். நான் வைக்காதது எப்படி வந்தது என்று யோசிப்பார். சம்பந்தி தனக்காக ஒன்றும் கொண்டுவரவில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

முடிவு இரண்டு: அத்தையின் பை. அம்மா கேட்கிறார். அத்தை அட்டையை வெளியே எடுக்கிறார், பார்க்கிறார். தன் கடையில் வைக்காத கம்பெனி. மாப்பிள்ளையும் வேறு கடைக்குப் போகிறார் என்று ஆகிவிடும். அப்புறம் என் பெயரிலும் குண்டூசி.

முடிவு மூன்று: இரண்டு பையிலும். பாதுகாப்பானது. அவரவர் மாத்திரையை அவரவர் விழுங்கிக்கொண்டு, யாரும் யாரையும் எதுவும் கேட்காமல், போகும்போது இருந்த அதே மரியாதையோடு திரும்பி வருவார்கள். இந்த முடிவை எழுத எனக்குக் கை வரவில்லை.

முடிவு நான்கு: எதிலும் இல்லை. (கப்பல் வரவேற்பு மேசையில் கேட்டால் தருவார்கள் என்று அனுபவசாலிகள் எழுதுவீர்கள். தெரியும். இவர்கள் வெளியாளிடம் போய்க் கேட்கிற ரகம் இல்லை.) இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். உங்ககிட்ட இருக்கும்னு நெனச்சேன். நானும் அதேதான் நெனச்சேன். அதற்கப்புறம் ஒருவர் தலையை மற்றவர் பிடித்துக்கொண்டு—

"எங்கம்மா வாந்தி எடுக்கக் கூடாது" என்கிறாள் மனைவி. "உங்கம்மாவும்தான். கதைக்காக வயசானவங்களப் படுத்தாத."

"சரி, அப்ப நீயே சொல்லு, யார் பைல வைக்கட்டும்?"

"நான் வெச்சா மக வெச்சதா ஆகும், இல்ல மருமக வெச்சதா ஆகும்" என்றாள்.

8

டாக்ஸி வந்துவிட்டது. பெரிய பெட்டிகள் டிக்கியில் ஏறிவிட்டன. இரண்டு கைப்பைகள் மட்டும் வாசல் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன: நீலம் அம்மாவுடையது, பழுப்பு அத்தையுடையது. அம்மா முன்சீட்டை அத்தைக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார், அத்தை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இது கொஞ்ச நேரம் ஓடும்.

அட்டை என் கையில் இருக்கிறது. என் கை எந்தப் பையைத் தொட்டாலும் ஒரு பக்கம் சேர்ந்துவிடும். மனைவி கையும் அப்படித்தான். இந்தக் கதை ஆரம்பித்ததிலிருந்து இங்கே இருப்பவர்களில் இருவருக்கும் சொந்தம் இல்லாத ஆள் நீங்கள் ஒருவர்தான். இவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறீர்கள், இரண்டு பேரையும் உங்களுக்குப் பிடித்துப்போயிருக்கும் என்றும் நம்புகிறேன்.

இந்தாருங்கள், பிடியுங்கள். நான் டிரைவரிடம் வழி சொல்வதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். நீலத்தில் வையுங்கள், பழுப்பில் வையுங்கள், பாதியாக வெட்டி இரண்டிலும் வையுங்கள், உங்கள் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு போய்விடுங்கள். உங்கள் இஷ்டம். எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள். திரும்பி வந்ததும் அம்மா முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்.