மூன்றாம் நாள் பன்றி

தோலில் கொப்புளம் எழும்பும் முன்பே ஆணிப் பலகையால் குத்திவிட வேண்டும். கம்ஃபாய் சங்கிலியை இழுத்து, குழி அடுப்பிலிருந்து பன்றியைப் பாதி தூக்கிக் குத்திக்கொண்டிருந்தபோது, மாடியில் நோயாய்க் கிடந்த அண்ணனிடமிருந்து அண்ணி இறங்கி வந்தாள். முகம் கழுவியிருந்தாள். கம்ஃபாய்க்கு அதுவே போதும், புரிந்துவிட்டது.

“எப்ப?”

“இப்பத்தான். சத்தம் போடாதே.”

அண்ணன் முகத்தைப் பார்க்கப் பதினெட்டுப் படிதான். ஏற முடியாது. இந்த நேரத்தில் விட்டால் தோல் கருகிவிடும்.

“கருகட்டும்,” என்றார். “பன்னிக்குச் சொல்லி வச்ச யிப் அம்மாவ வர வேணாம்னு சொல்லு. செத்த வீட்டுப் பண்டத்தக் கல்யாணத்துக்குக் குடுக்கறதா?”

“கல்யாணமாகி இன்னிக்கு மூணாம் நாள், அவங்க மருமக தாய் வீட்டுக்குப் போறா. மாமியார் வீடு குடுத்தனுப்பற பன்னி இல்லாமப் போனா அங்க என்ன பேசுவாங்க? பொண்ணு சரியில்லன்னுதான்.”

“வேற கடையில வாங்கட்டும்.”

“ராத்திரியெல்லாம் தோல் காய வச்ச பன்னி எவன்கிட்ட இருக்கு இப்ப? வாக்குக் குடுத்தது உங்க அண்ணன்.” குரலைத் தாழ்த்தினாள். “இத அடுப்புல எறக்கினப்ப அவர் உயிரோடதானே இருந்தார்?”

வக்கீல் பேச்சு. கம்ஃபாய் அதை நம்பவில்லை. ஆனாலும் குத்தினார், சங்கிலியை விட்டுப் பன்றியை மறுபடி அடுப்பில் இறக்கினார். மேலே அண்ணன் தனியாகக் கிடந்தார்.

அண்ணி வெட்டுக்கட்டைக்குப் போனாள். “கொழுப்பு இல்லாத வாத்துத் துண்டாப் போடு,” என்றான் கடை வரிசையில் நின்றவன்.

“கொழுப்பு இல்லாத வாத்து பொம்மைக் கடையில இருக்கு, போ.”

எல்லாரும் சிரித்தார்கள். தினமும் சிரிப்பதுதான்.

பத்தரை மணிக்கு யிப் அம்மா சிவப்பு உடுப்பில் வந்தாள். வெந்து தொங்கிய பன்றியை நகத்தால் தட்டினாள். “அடேயப்பா, கண்ணாடி மாதிரில்ல சத்தம்! பெரியவர் எங்க? சிவப்புத் தாள் அவர் கையாலதான் ஒட்டணும்.”

“தூங்கறார்,” என்றாள் அண்ணி.

“எழுப்பேன். ஒரு நிமிஷம்தானே?”

“எழுந்திரிக்க மாட்டார்,” என்றார் கம்ஃபாய். வாய் முந்திக்கொண்டது. அண்ணியின் கத்தி கட்டையிலேயே நின்றது. “மாத்திரை போட்டிருக்கு,” என்று அவரே சேர்த்தார்.

“அப்ப நீ ஒட்டு.”

தாளை நீட்டினாள். கம்ஃபாய் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனார். சாவு வீட்டுக் கை. நல்ல காரியத்துச் சிவப்பை அது தொடக் கூடாது.

“கையெல்லாம் கரி. நீங்களே ஒட்டுங்க. பையனைப் பெத்தவங்க ஒட்டினா இன்னும் விசேஷம்.”

“சோம்பேறி! இந்த வயசுலயும் உனக்கு அது போகல பாரு.” சிரித்துக்கொண்டே அவளே ஒட்டினாள்.

டிரைவரும் அவருமாகப் பன்றியை வேனில் ஏற்றினார்கள். கடையை அடைக்கக் கம்ஃபாய் ஷட்டர் கொக்கியை எடுத்தார். வேன் பத்தடி போய் சிக்னலில் நின்றது. யிப் அம்மா கண்ணாடியை இறக்கிக் கையாட்டினாள்.

அண்ணி கத்தியை வைத்துவிட்டு ஆட்டினாள். கம்ஃபாயும் ஆட்டினார்.

விளக்கு மாறவில்லை. யிப் அம்மா ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவர்களும்.