துணி கட்டிய பானை

சொக்கம்மாள் போட்ட கருவாட்டில் புழு வைத்துவிட்டது என்றதும் ராயபுரம் குப்பத்தில் முதலில் யாரும் நம்பவில்லை. பெரம்பூர் ரயில்வே பட்டறைக்காரர்கள் சம்பள நாளில் மற்ற கூடைகளைத் தாண்டி அவள் கூடையைத் தேடி வருவார்கள். புருஷன் கடலில் போன பிறகு அந்தக் கூடையை வைத்துத்தான் ஒரே மகன் நீலமேகத்தைக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தாள். அந்தக் கருவாட்டிலேயே புழு என்றால் சும்மா விடுவார்களா? காரணம் தேடினார்கள். காரணம் ரொம்பத் தூரத்தில் இல்லை, அவள் வீட்டுக்குள்ளேயே ஆவணியில் வந்து புகுந்திருந்தது. மருமகள் கன்னியம்மா.

நடந்தது இதுதான். புரட்டாசி முடிவில் ஒரு பகல். கன்னியம்மா வீட்டுக்கு விலக்காகி, பின்பக்கச் சாய்ப்பில் தனிப் பாய், தனித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். அந்த நாட்களில் பெண்கள் மீன் காயும் மணலை மிதிக்கக் கூடாது, மீனைத் தொடவே கூடாது என்பது குப்பத்துக் கட்டு. தொட்டால் புழு வைக்கும். மாமியார் கூடையோடு பெரம்பூர் போயிருந்தாள், புருஷன் காலேஜில். திடீரென்று வானம் கறுத்து மழை இறங்கியது. மணலில் பாய் விரித்துப் போட்ட, பாதி காய்ந்த பன்னா மீன் அத்தனையும் நனையப் போகிறது. கன்னியம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி, பாயோடு மீனைச் சுருட்டி வீட்டுக்குள் போட்டாள்.

பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்தவள் அன்றைக்கே சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை. பானையில் புழு நெளிகிற வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு தெருவில் நின்று சொன்னாள்.

"ஆமா அத்தே. நான்தான் வாரினேன்" என்றாள் கன்னியம்மா, தலையை நிமிர்த்தாமல். "சொல்லோணும்னுதான் இருந்தேன். வெக்கமா இருந்திச்சு."

சொக்கம்மாள் அடிக்கவில்லை, திட்டவில்லை. பானையைத் தூக்கிப் போய்க் கடலில் கொட்டிவிட்டு வந்தாள். வரும்போது தெருவே வாசலில் நின்றது. அவள் வாழ்நாளில் தலையைக் குனிந்து அந்தத் தெருவில் நடந்தது அன்றைக்குத்தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் நம்முடைய இண்டர்மீடியட் நீலமேகம் வாயைத் திறந்தான்.

அந்தக் குப்பத்திலிருந்து முதன்முதலாகச் செருப்புப் போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போனவன் அவன். இயற்கை சாஸ்திரம் படித்தான். கல்யாணமான புதிதில் பெண்டாட்டியிடம், உயிர் என்றால் பாதிக்கு மேல் தண்ணீர்தான், உப்பு அந்தத் தண்ணீரைப் பிடுங்கிக்கொள்கிறது, அதனால்தான் உப்பு மீன் அழுகுவதில்லை என்று விளக்கினான். "உங்க வாத்தியாருக்குக் கருவாடு போடத் தெரியுமா?" என்று கேட்டு அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு நீடித்திருக்கலாம். ஆனால் படித்த பையனுக்கு ஊர் முன்னால் ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் விடுவானா?

"புழு தானா பொறக்காது" என்றான், எல்லோரையும் பார்த்து. "உயிரு உயிர்லேந்துதான் வரும். ஈ முட்டை வச்சாதான் புழு. தீட்டுக்கும் புழுவுக்கும் இன்னா சம்பந்தம்? நான் காட்டறேன்."

மழையில் வாரின மீனில், கடலில் கொட்டாத வேறொரு பானையில், புழு தெரியாத துண்டுகள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. அவற்றை இரண்டு பானைகளில் பங்கு போட்டான். ஒன்றைத் திறந்து வைத்தான். மற்றொன்றின் வாயில் மல் துணியைப் போட்டு, நூலால் இறுக்கிக் கட்டினான்.

"கட்டின பானைக்குள்ள ஈ பூராது. அதுல புழு வரலன்னா இவ மேல தப்பு இல்ல. வந்திச்சுன்னா நீங்க சொல்றதுதான் சரின்னு நானே ஒத்துக்கறேன்."

கன்னியம்மாவை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் உடம்பைப் பற்றித் தெருவே பேசிக்கொண்டிருந்தது. அது போதாதென்று அவன் அதன் மேல் பந்தயமும் கட்டினான். அவள் சாய்ப்பின் படல் கதவை உள்ளே இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

சில நாள் கழித்து எல்லோரையும் கூப்பிட்டுவைத்து நூலை அவிழ்த்தான். திறந்த பானையில் புழு. துணி கட்டிய பானையிலும் புழு, அதே கொழுத்த வெள்ளைப் புழு.

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். "படிச்சவன் பாட்டக் கெடுத்தான்" என்றாள் ஆவுடையம்மாள். நீலமேகம் அவிழ்த்த துணியை எடுத்து மறுபடியும் பானை வாயில் போட்டான். எதற்குப் போட்டான் என்று அவனுக்கே தெரியாது. காது மடல் எரிந்தது. கன்னியம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று நினைத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தான்.

"கொஞ்ச நாளு உங்க நைனா வூட்ல இருந்துட்டு வாம்மா" என்றாள் சொக்கம்மாள். "வாய்ங்க அடங்கட்டும். என் கூடைய எவளும் தொட மாட்டேன்றா."

"மாமா?" என்றாள் கன்னியம்மா.

அவன் புத்தகங்களை அடுக்கி வாரால் கட்டிக்கொண்டிருந்தான். "போய்ட்டு வா" என்றான்.

அவள் எண்ணூருக்குப் போன அன்று சாயங்காலம், அவள் நிரப்பி வைத்திருந்த குடத்தை அவன் வாசலில் கவிழ்த்துவிட்டு வேறு தண்ணீர் பிடித்து வந்தான். ஏன் என்று கேட்டால் தூசி விழுந்துவிட்டது என்றிருப்பான். யாரும் கேட்கவில்லை. ஈயை நம்பினவன், ஒரு பானையைத் திறந்ததும் தீட்டை நம்பிவிட்டான். அதை வெளியே சொல்ல மட்டும் அவனுக்கு வாய் வரவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் பேராசிரியர் அம்புரோஸிடம் போய் நின்றான்.

"சார், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஒரு சோதனை செஞ்சார். துணி கட்டின பானையிலும் புழு வந்துட்டது" என்று ஆரம்பித்து, கதையை யாருடையதோ போலச் சொல்லி முடித்தான்.

அம்புரோஸ் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே கேட்டார். "துணி கட்டறதுக்கு முன்னாடி அந்த மீன் எங்கே இருந்தது?"

"மணல்லே காஞ்சுட்டு…"

சொல்லி முடிக்கும் முன்பே அவனுக்கு விளங்கிவிட்டது. மணலில் காய்ந்த மீனை ஈ மொய்த்திருக்கிறது. முட்டை முன்னமே ஏறிவிட்டது. அவன் கட்டிய துணி ஈயை வெளியே நிறுத்தவில்லை, முட்டையை உள்ளே வைத்துப் பத்திரமாகப் பாதுகாத்திருக்கிறது.

"சரி, அந்தப் பெண் தொடாத மீன் ஒரு பானையாவது வைச்சாரா?"

"இல்லே, சார்."

"அப்புறம் எதோடு எதை ஒத்துப் பார்த்தார்? ரெண்டு பானையும் அவ தொட்ட மீனாச்சே." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அந்தப் பெண் என்ன ஆனா, பாவம்?"

"தெரியலே, சார்" என்றான் நீலமேகம்.

படியிறங்கும்போது அவனுக்குத் தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. பெண்டாட்டியை ஊர் முன்னால் நிறுத்தி வைத்து அவமானப்படுத்தியது போதாதென்று, அவள் என்ன ஆனாள் என்றே தெரியாது என்றும் சொல்லியாயிற்று.

தை பிறந்து வெயில் ஏறியதும் அவன் ரயிலேறி எண்ணூர் போனான். மாமனார் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மருமகனைப் பார்த்து வா என்றார், மறுபடியும் வலை மேல் குனிந்துகொண்டார். கன்னியம்மா வாசல் தாண்டி வந்து வேலியோரம் நின்றாள்.

"தப்பு என்னுதுதான், கன்னி" என்றான். "முட்டை ஏறின மீனுக்குத் துணி கட்டினேன். இன்னொரு தபா செய்யலாம். மீனு கரைக்கு வந்ததும் ஈ குந்தறதுக்கு முன்னாடி உப்பு போட்டு மூடிடலாம். அம்மா கையால ஒரு பங்கு, உன் கையால ஒரு பங்கு. ஒவ்வொரு பங்குலயும் பாதிய மூடிக் காய வைக்கலாம், பாதிய எப்பவும் போலத் தொறந்து போடலாம். அதே மீனு, அதே உப்பு, அதே வெயிலு. கை மட்டும் வேற. அப்பத்தான் அது சோதனை."

அவள் வேலியில் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"மறுபடியும் எல்லாரையும் நிக்க வச்சா?"

"எல்லாரு முன்னாடியுந்தானே சொன்னாங்க. எல்லாரு முன்னாடியும் அந்தப் பேச்சு அழியோணும்."

"எப்ப வரட்டும்?"

"எப்ப வேணா வா. குளிச்சு முடிச்சிட்டு, சுத்தமா இருக்கற நாளாப் பாத்து வா."

சாதாரணமாகத்தான் சொன்னான். சொன்னதில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு உறைக்கவில்லை. கன்னியம்மா ஒடித்த குச்சியைக் கீழே போட்டாள். "வரேன்" என்றாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் முதல் ரயிலுக்கே வந்து சேர்ந்தாள். வீட்டுக்குள் நுழையாமல் நேரே கரைக்குப் போனாள். கட்டுமரம் மணலைத் தொட்டதும் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு கூடை பன்னா எடுத்துக்கொண்டார்கள். கீறிக் குடலெடுத்து, கடல் தண்ணீரில் அலசி, உப்பை அப்பினார்கள். நீலமேகம் பக்கத்திலேயே நின்று ஈ விரட்டினான். காலேஜ் படிப்பு அதற்காவது உதவியது. மூங்கில் சட்டத்தில் மல் துணி கட்டி, ஒவ்வொருவர் பங்கிலும் பாதியை அதற்குள் காய வைத்தான். மீதி மணலில் கிடந்தது. அன்று சாயங்கால ரயிலிலேயே கன்னியம்மா எண்ணூருக்குத் திரும்பிவிட்டாள். ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

மீன் காய்ந்து பானையில் ஏறியது. மூடிக் காய வைத்ததற்கு மூடின பானை, திறந்து போட்டதற்குத் திறந்த பானை. பார்க்கிற நாளில் குப்பம் முழுக்க வந்து நின்றது. போன தடவை சிரித்தவர்கள் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். கன்னியம்மாவும் வந்து வாசல் ஓரமாக நின்றாள்.

திறந்த பானைகள் முதலில். கன்னியம்மாவுடையதில் புழு. "அதத்தான் சொன்னனே!" என்று ஆவுடையம்மாள் ஆரம்பித்தாள். நீலமேகம் தன் அம்மாவின் திறந்த பானையை அவள் முன்னால் சாய்த்தான். அதிலும் புழு, இன்னும் ஜாஸ்தியாகவே இருந்தது. ஆவுடையம்மாள் முன்வரிசையிலிருந்து பின்னால் நகர்ந்தாள். பிறகு நூலை அவிழ்த்தான். சொக்கம்மாள் போட்டது சுத்தம். கன்னியம்மா போட்டதும் சுத்தம். பொன்னிறமாக, உப்புப் பூத்து, கையில் எடுத்தால் கலகலவென்றிருந்தது.

சொக்கம்மாள் மருமகள் பானையிலிருந்து ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள், திருப்பிப் பார்த்தாள், மறுபடியும் முகர்ந்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "போங்க போங்க, வூட்டுக்குப் போயி வேலையப் பாருங்க" என்று விரட்டினாள். மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அந்தக் கருவாட்டையே கத்திரிக்காய், மொச்சையோடு குழம்பு வைத்தாள். மருமகளை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கரண்டியைக் கையில் கொடுத்தாள். அவளைப் பொறுத்தவரை அதுதான் மன்னிப்பு.

அம்மாவும் மகனும் உட்கார்ந்தார்கள். கன்னியம்மா பரிமாறினாள். நீலமேகத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாய் நிறையச் சோற்றோடு பேசினான்.

"பாத்தியாம்மா? இதான் சாஸ்திரம். தீட்டாவது ஒண்ணாவது, எல்லாம் ஈ செஞ்ச வேலை. எனக்கு மொதல்லேந்தே தெரியும்."

"கொழம்பு எப்டி கீது, மாமா?" என்று கேட்டாள் கன்னியம்மா.

"அமிர்தமா கீது. இன்னாத்துக்குக் கேக்கறே?"

"நான் மீனுக்கு உப்பு போட வந்தேன் பாரு, அன்னிக்கு எனக்குத் தூரம். ரெண்டாம் நாளு."

அடுப்பில் விறகு சரிந்தது. யாரும் அதைத் தள்ளிவிடவில்லை.

"சுத்தமா இருக்கற நாளாப் பாத்து வான்னு சொன்னே" என்றாள் அவள். "சுத்தமா இருக்கற நாள்ல நான் தொட்டா புழு வரும்னு யாரு மாமா சொன்னது? அந்த மாதிரி நாள்ல நான் வந்திருந்தா நீ இன்னாத்தப் பாத்திருப்பே?"

சொக்கம்மாள் மருமகளை முறைத்துப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. "அடிப்பாவி, முன்னாடியே சொல்லியிருந்தா மீன் மேல கைய வைக்க வுட்டிருப்பனா?"

"அதாலதான் சொல்லல, அத்தே."

சொக்கம்மாள் தன் தட்டைப் பார்த்தாள். முள்ளைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. பிறகு தட்டை முன்னால் தள்ளினாள்.

"தின்னாச்சு. செத்தா பூட்டேன்? இன்னொரு துண்டு போடு."

கன்னியம்மா போட்டாள். கரண்டியோடு புருஷன் பக்கம் திரும்பினாள்.

நீலமேகத்தின் கை, பிசைந்த சோற்றோடு, தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றிருந்தது. அவனுக்கு எல்லாம் தெரியும். ஈ தெரியும், முட்டை தெரியும், உப்பு தண்ணீரைப் பிடுங்குவது தெரியும். இப்போதுதான் ஊர் முன்னால் நிரூபித்துவிட்டு வந்திருக்கிறான். ஆனால் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதும் கை தானாக நின்றுவிட்டது. அம்மாவுக்கு நிற்கவில்லை, அவனுக்கு நின்றது. கவிழ்த்துக் கொட்டிய குடம் ஞாபகம் வந்தது. வெட்கத்தில் அவன் உடம்பெல்லாம் சுட்டது. எப்படியாவது இந்தக் கவளத்தை வாய்க்குக் கொண்டு போய்விட வேண்டும் என்று நினைத்தான்.

"உனக்கு, மாமா?"

"போடு" என்றான்.

கன்னியம்மா போடவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.